நீலம் என்று வந்த கல்: கரூர்ப் பகுதிக் கிணற்றுக் கல் ஒன்றை அடையாளம் கண்ட விதம்

பின்னணி

கரூர் மாவட்டத்தில் ஒரு மானாவாரிக் கிராமம். அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பழைய கிணற்றை ஆழப்படுத்தும்போது, கல்லோடு கல்லாக நீல நிறத் துண்டுகள் மேலே வந்தன. மண்ணை அள்ளிக் கொட்டியவர்கள் முதலில் கண்டுகொள்ளவில்லை. ஒரு மழைக்குப் பிறகு மண்மேடு கழுவிக்கொண்டு போனதும், வெயிலில் ஊதா கலந்த நீலமாக மின்னியதைப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். பெரியது கோழிமுட்டையைவிடச் சற்றுச் சிறியது. மற்றவை நெல்லிக்காய் அளவிலிருந்து புளியங்கொட்டை அளவு வரை.

கரூர், காங்கேயம் வட்டாரத்தில் கல் கிடைப்பது அதிசயமில்லை. காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் கடல்நிறப் பெரில் என்ற ரத்தினக்கல் எடுத்ததும், கொடுமணலில் பழங்காலத்தில் கல்மணி செய்ததும் தெரிந்த சங்கதிகள். அதனால் கிராமத்தில் எல்லாருக்கும் கல்லைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும். இந்த முறை எல்லா அபிப்பிராயமும் ஒரே பக்கம் சாய்ந்தது: இது நீலம், அதாவது நவரத்தினங்களில் ஒன்றான நீலக்கல்.

எங்கள் கல்லூரி நிலவியல் துறைக்கு வருவதற்கு முன்பே கல் மூன்று சோதனைகளைத் தாண்டியிருந்தது. பக்கத்து ஊர் நகைப் பட்டறை ஆசாரி ஒரு முனையால் கண்ணாடியைக் கீறிப் பார்த்தார், நன்றாகக் கீறியது. சிறு சில்லு ஒன்றை ஊதுகுழல் தீயில் காட்டினார், உருகவில்லை. ஜோசியர் ஒருவர் கல்லைப் பால் கிண்ணத்தில் போடச் சொன்னார், பால் நீலம் பாரித்ததாகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு தரகர் வந்து மொத்தமாகக் கேட்டார், முன்பணமும் நீட்டினார்.

அண்ணனுக்கு விற்றுவிடலாம் என்று எண்ணம். தம்பிக்கு, தரகர் இவ்வளவு அவசரப்படுகிறார் என்றால் விலை அதற்கும் மேலே இருக்கும் என்று சந்தேகம். இவர்களுடைய தாயாருக்கோ விலையைப் பற்றிக் கவலையே இல்லை. கல் வீட்டுக்கு வந்த மாதத்தில் மோட்டார் காயில் புகைந்தது, கறவை மாடு படுத்துக்கொண்டது. நீலம் ஒத்துவராதவர் வீட்டில் தங்கக் கூடாது என்பது அவர் கேட்டு வளர்ந்த பேச்சு. கல்லைத் துணியில் கட்டிக் கிணற்று மேட்டில் வைக்கச் சொல்லிவிட்டார். எங்கள் துறைக்கு அதைக் கொண்டுவந்தது தம்பிதான், அதுவும் தரகருக்குச் சொன்ன கெடுவுக்குள் பதில் வேண்டும் என்ற நெருக்கடியோடு.

எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி: "சார், இது நீலமா இல்லையாங்க?" இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீலம்தானா என்பது ஒன்று. இல்லையென்றால் என்ன என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் அன்று மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. இரண்டாவது இழுத்தது.

முன்பே நடந்த சோதனைகளின் மதிப்பு

ஆசாரியை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. அவர் செய்த இரண்டும் முறையான சோதனைகள். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. அதைக் கீறும் கல் அதைவிடக் கடினமானது. தீயில் உருகாதது கண்ணாடியாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே இது வண்ணக் கண்ணாடி அல்ல என்பதை அவர் சரியாகவே நிறுவிவிட்டார். ஆனால் நிலத்தில் கிடக்கும் வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ் கூடக் கண்ணாடியைக் கீறும், அந்தத் தீயில் உருகாது. கண்ணாடி இல்லை என்பதிலிருந்து நீலம்தான் என்பதற்குத் தாவியது அவரல்ல, கேட்டுக்கொண்டு நின்றவர்கள்.

பால் சோதனையில் தெரிவது பாலுக்குள் நீலமாக ஏதோ இருக்கிறது என்பது மட்டும். நீலச் சீசாத் துண்டைப் போட்டாலும் அதே காட்சிதான்.

முதல் பார்வையில் பதிந்தவை

பெயர் எதையும் எழுதாமல் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் முதலில் குறித்தோம். ஊதா சாயலுள்ள நீலம். கண்ணாடி போன்ற மிளிர்வு. ஒழுங்கான படிக முகங்கள் இல்லை. உடைந்த பரப்பு ஒழுங்கற்றது, சில இடங்களில் சிப்பி உட்புறம் போல வளைந்த முறிவு. மெல்லிய விரிசல்கள் ஏராளம். விரிசல்களின் ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக மெழுகுத்தன்மையுள்ள படலம். பல துண்டுகளின் மேல் வெள்ளையாக ஓர் ஓடு.

நீலக்கல் என்பது குருந்தம் என்ற கனிமத்தின் நீல வகை. சிவப்பானால் மாணிக்கம். குருந்தம் பீப்பாய் போல நடு பெருத்த அறுகோணப் படிகமாக வளரும். தட்டையான முகங்களில் முக்கோணக் கோடுகள் தெரியும். இவற்றில் ஒன்றும் இங்கே இல்லை. ஆனால் உடைந்த துண்டில் இல்லை என்பதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஓரமாகக் குறித்துக்கொண்டதோடு சரி.

உண்மையில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. ஒரு துண்டின் பின்பக்கம் தாய்ப்பாறை, அதாவது நீலக் கனிமம் வளர்ந்த பாறை, ஒட்டிக்கொண்டிருந்தது. கைலென்ஸில் பார்த்தால் கருப்பு மைக்கா, அதாவது காக்காப்பொன், வெளிர் ஃபெல்ட்ஸ்பார், மிளகு போலச் சிவப்புக் கார்னெட் மணிகள், ஊசி ஊசியாகச் சிலிமனைட், இவற்றுக்கு நடுவே நீலத்தை நேரடியாகத் தொட்டுக்கொண்டு நிறமற்ற குவார்ட்ஸ்.

குவார்ட்ஸ் என்பது சிலிக்கா, சிலிக்கனின் ஆக்சைடு. குருந்தம் என்பது அலுமினா, அலுமினியத்தின் ஆக்சைடு. இரண்டும் பாறையில் ஒட்டி வளர்வது மிக அபூர்வம். வழக்கமான வெப்ப அழுத்தத்தில் அவை சேர்ந்து சிலிமனைட் போன்ற அலுமினியம் சிலிக்கேட்டாகிவிடும். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குருந்தம் கிடைக்கிறது என்றால், அங்கே தாய்ப்பாறையான அனார்த்தொசைட்டில் குவார்ட்ஸுக்கு இடமில்லை. இந்தத் துண்டில் குவார்ட்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சோதனை எதுவும் தொடங்கும் முன்பே நீலத்தின் மேல் சந்தேகம் விழுந்தது அங்கேதான்.

சோதனைகளை எந்த வரிசையில் செய்வது

கல் அவர்களுடையது, எங்களுடையது அல்ல. விலை போகும் என்று நம்பி வைத்திருப்பதை நாங்கள் கீறி, பொடித்து, அமிலத்தில் நனைத்துத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் கல்லுக்குச் சேதமில்லாதவை முதலில், அடையாளம் விழக்கூடியவை அடுத்து, பொடி தேவைப்படுபவை கடைசியில் என்று வரிசை வைத்தோம். பொடிக்கு ஆசாரி பட்டறையில் உடைந்த சில்லுகளே போதும் என்று தம்பியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம்.

மாணவர் ஒருவர் அவசரத்தில் ஒரு துண்டின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத் துளியை விட்டார். துளி பொங்கியது. "சார், கால்சைட்!" என்றார். அமிலத்தில் பொங்கும் சுண்ணாம்புக் கனிமம் அது. பொங்கியது கல் அல்ல, அதன் மேலிருந்த வெள்ளை ஓடு. அந்தப் பக்கத்து மண்ணில் சுக்கான்கல் அதிகம். கிணற்று நீரிலும் சுண்ணாம்பு இருக்கும். பல காலமாகக் கல்லின் மேல் அது படிந்து இறுகியிருக்கிறது. ஓட்டைக் கரைத்து, கழுவி, புது முறிவுப் பரப்பில் மறுபடி ஒரு துளி வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அன்றைய பதிவேட்டில் "ஓடு: கார்பனேட், பொங்குகிறது. கல்: பொங்கவில்லை" என்று இரண்டு வரியாக எழுதச் சொன்னேன்.

எடை

அடுத்தது ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவு நீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. கருவி பெரிதாக ஒன்றுமில்லை: இரண்டு தசம இலக்கம் காட்டும் மின்னணுத் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், மெல்லிய நைலான் நூல். பாறை ஒட்டாத, ஓடு நீக்கிய துண்டாகத் தேர்ந்தெடுத்தோம். விரிசல்களில் காற்றுக்குமிழ் ஒட்டினால் கணக்குத் தப்பும் என்பதால் சோப்புக் கரைசல் துளி கலந்த நீரில் ஊறவைத்து, தூரிகையால் தடவிக் குமிழ்களை விரட்டினோம்.

காற்றில் 14.62 கிராம். நீரில் தொங்கவிட்டபோது 8.98. குறைந்த எடை 5.64. காற்றில் உள்ள எடையை இதால் வகுத்தால் 2.59. இன்னொரு துண்டில் 9.35 கிராமுக்கு 3.60 குறைந்தது. விடை 2.60.

குருந்தத்தின் ஒப்படர்த்தி 4.0 அளவில் இருக்கும். முதல் துண்டு நீலக்கல்லாக இருந்திருந்தால் நீரில் 3.66 கிராம்தான் குறைந்திருக்க வேண்டும். அளவீட்டில் என்ன பிசகு வந்தாலும் 3.66-ஐ 5.64 ஆக்க முடியாது. கையில் தூக்கிப் பார்த்தாலே நீலக்கல்லுக்கு உரிய கனம் இல்லை என்பது பழகியவர்களுக்குத் தெரியும். தராசு அதை எண்ணாக்கிக் கொடுத்தது.

தம்பியை அருகில் உட்காரவைத்து இரண்டாவது எடையை அவர் கையாலேயே போடவைத்தோம். இது வேண்டுமென்றே செய்தது. வீட்டில் போய் அண்ணனிடமும் தரகரிடமும் விளக்க வேண்டியவர் அவர்தான். நாங்கள் சொன்னோம் என்பதைவிட நானே தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தேன் என்று சொல்வதற்குக் கனம் அதிகம்.

கீறல்

நீலம் இல்லை என்பது முடிந்துவிட்டது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெயர் சொல்லாமல் அனுப்பினால் அந்த இடத்தைத் தரகர் தனக்குத் தோன்றிய பெயரால் நிரப்புவார். 2.60-க்கு அருகில் குவார்ட்ஸ் (2.65) இருக்கிறது, அதன் ஊதா வகையான செவ்வந்திக்கல்லும் இருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார்களும் அக்கம்பக்கம்தான். கார்டியரைட் என்ற கனிமமும் இதே எல்லையில் வருகிறது. அதன் நீல நகைவகைக்குச் சந்தையில் அயோலைட் என்று பேர்.

கீறல் சோதனையில் முதலில் குழப்பம்தான் வந்தது. ஒரு மாணவர் கல்லின் ஓரத்தைப் பேனாக்கத்தியால் கீறினார், கோடு விழுந்தது. கத்தி 5.5 அளவு, ஆக கல் அதற்கும் கீழே. இன்னொருவர் அதே கல்லின் முறிந்த முனையால் கண்ணாடியை ஆழமாகக் கீறினார். ஒரே கல் கத்தியைவிட மென்மையாகவும் கண்ணாடியைவிடக் கடினமாகவும் எப்படி இருக்கும்?

லென்ஸில் பார்த்தால் விடை இருந்தது. கத்தி இறங்கியது அந்தப் பச்சைப் படலத்தில். நீலக் கனிமம் நீர்பட்டுச் சிதைந்து நுண்ணிய மைக்காவும் குளோரைட் என்ற பச்சைக் கனிமமுமாக மாறிய பகுதி அது. நகத்தால் சுரண்டினாலே சில இடத்தில் உதிர்ந்தது. இப்படிப் பச்சைப் படலமாகச் சிதைவது கார்டியரைட்டுக்குப் பழக்கமான குணம். குவார்ட்ஸ் இப்படிச் சிதையவே சிதையாது. சோதனையைக் கெடுத்தது என்று நினைத்த படலமே ஒரு தடயமாயிற்று.

சிதையாத பகுதியில் திரும்பச் செய்தோம். அளவுகோல் பெட்டியிலிருந்த புஷ்பராகம் (8) கல்லைக் கீறியது. கல்லால் புஷ்பராகத்தைத் தேய்த்தபோது வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் போய்விட்டது, அதாவது உதிர்ந்தது எங்கள் கல்லின் பொடி. குவார்ட்ஸோடு (7) தேய்த்தால் இரண்டும் ஏறத்தாழச் சமம், குவார்ட்ஸில் மிக மெலிதான கீறல். ஆக 7-க்கும் 8-க்கும் நடுவே. ஃபெல்ட்ஸ்பார் இதோடு விலகியது. அதன் கடினத்தன்மை 6, நேர்த்தியான இரண்டு பிளவுத் தளங்களும் அதற்கு உண்டு.

திருப்பிப் பார்த்தபோது

இந்த ஆய்வில் அதிகச் செலவில்லாததும் அதிகம் சொன்னதும் இந்தச் சோதனைதான். ஒரு தெளிவான துண்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெதுவாகத் திருப்பினோம். ஒரு பக்கம் அடர்ந்த ஊதாநீலம். கால்வட்டம் திருப்பியதும் நீலம் வடிந்துபோய், நீர்த்த தேநீர்போல வெளிர்மஞ்சள். கல்லில் பாதி நல்ல நிறம், பாதி சொத்தை என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். பாதியும் இல்லை, சொத்தையும் இல்லை. ஒரே இடம், வேறு வேறு திசை.

பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகட்டைக் கல்லுக்கு முன் வைத்துச் சுழற்றியபோது வித்தியாசம் இன்னும் துல்லியமாகப் பிரிந்தது. கல்லை வெவ்வேறு திசையில் வைத்துப் பார்த்ததில் ஊதாநீலம், வெளிர்நீலம், வைக்கோல் மஞ்சள் என மூன்று நிறங்கள்.

கண்ணாடி எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நிறம். செவ்வந்திக்கல்லில் மாற்றம் மிக லேசாகத்தான் இருக்கும். நீலக்கல்லிலும் திசைக்குத் திசை நிறம் மாறும், ஆனால் அது நீலத்துக்கும் பச்சைகலந்த நீலத்துக்கும் இடையில். வைக்கோல் மஞ்சளுக்குப் போகாது. இவ்வளவு பலமான மாற்றம் கார்டியரைட்டின் முத்திரை. நீலக்கல்லுக்கு நிறம் தருவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஜோடி. கார்டியரைட்டில் இரும்பின் இரண்டு நிலைகளுக்கு இடையே நடக்கும் மின்னணு மாற்றம். கண்ணுக்கு இரண்டும் நீலம்தான், ஆனால் வந்த வழி வேறு.

வேதிச் சோதனை: எதைச் செய்வது, எதை விடுவது

துறையில் மூத்தவர் ஒருவர் கோபால்ட் நைட்ரேட் சோதனையைச் சொன்னார். கனிமப் பொடியை அந்தக் கரைசலில் நனைத்துத் தீயில் காய்ச்சினால், அலுமினா இருந்தால் நீலமாகும். பழைய ஆய்வக முறை, எல்லாருக்கும் பழக்கம். ஆனால் குருந்தத்திலும் அலுமினா, கார்டியரைட்டிலும் அலுமினா. நீலம் வந்தால் இரண்டு கட்சியும் ஜெயித்ததாகச் சொல்லும். தரகர் காதுக்குப் போனால் "கல்லூரியிலேயே நீலம் வந்தது" என்று ஊர் முழுக்கப் பரவும். அதனால் விட்டோம்.

பிரித்துக் காட்டக்கூடிய கேள்வி, சிலிக்கா இருக்கிறதா என்பது. அதற்கு மைக்ரோகாஸ்மிக் உப்பு மணி. பிளாட்டினக் கம்பியின் நுனியைச் சிறு வளையமாக வளைத்து, சோடியம் அம்மோனியம் பாஸ்பேட் உப்பைத் தொட்டு, பன்சன் விளக்கில் உருக்கினால் தெளிந்த மணி ஒன்று உருவாகும். அதில் கனிமப் பொடியை ஒற்றி மறுபடி காய்ச்ச வேண்டும். பெரும்பாலான உலோக ஆக்சைடுகள் அந்த உருகலில் கரைந்துவிடும். சிலிக்கா கரையாமல், பொடியின் வடிவத்திலேயே எலும்புக்கூடு மாதிரி மணிக்குள் மிதக்கும்.

ஒப்பீட்டுக்காக மூன்று மணிகள் செய்தோம். குருந்தப் பொடி போட்டது அவசரப்படாமல் கரைந்து, கடைசியில் தெளிந்தது. குவார்ட்ஸ் பொடி போட்டதில் வெள்ளையாகச் சிம்பு நின்றது. கிணற்றுக் கல்லின் பொடி போட்ட மணி சூட்டில் லேசான மஞ்சள், ஆறியதும் நிறம் மங்கியது. அது இரும்பின் அடையாளம். உள்ளே அரைகுறை ஒளி ஊடுருவும் சிலிக்காக் கூடு மிதந்தது. ஆக இது இரும்பு கலந்த சிலிக்கேட். குருந்தமும் இல்லை, வெறும் குவார்ட்ஸும் இல்லை.

உறுதிப்படுத்தல்

தாய்ப்பாறைத் துண்டிலிருந்து 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்கு மெல்லிய சீவல் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தோம். கார்டியரைட்டும் குவார்ட்ஸும் அதில் அண்ணன் தம்பி மாதிரி, சாம்பல் நிறத்தில் ஏமாற்றும். ஆனால் இங்கே சிர்கான் என்ற கனிமத்தின் சிறு மணிகளைச் சுற்றி மஞ்சள் வளையங்கள் இருந்தன. சிர்கானிலுள்ள கதிரியக்கத் தனிமங்கள் சுற்றியுள்ள கார்டியரைட்டைப் பாதித்து விட்ட தடம் அது. குவார்ட்ஸில் இந்த மஞ்சள் வராது.

கூடவே, சிறு துண்டு ஒன்றை வீட்டாரின் சம்மதத்தோடு ஒரு பக்கம் மெருகேற்றி, நகரத்து ரத்தினச் சோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். ஒளிவிலகல் எண் 1.54-க்கும் 1.55-க்கும் இடையில் என்று வந்தது. நீலக்கல்லுக்கு 1.76, 1.77. இந்த எண்ணை மட்டும் வைத்திருந்தால் செவ்வந்திக்கல் என்று சொல்லியிருக்க முடியும், அதன் எண்ணும் இதே இடத்தில்தான். திசைவாரி நிறம், சிலிக்கா மணி, மஞ்சள் வளையம் மூன்றும் கையில் இருந்ததால் அந்தக் குழப்பம் எழவில்லை. கார்டியரைட் என்று எழுதினோம்.

அறிக்கையும் அதன் பிறகும்

அறிக்கையில் கனிமத்தின் பெயர், ஒவ்வொரு சோதனையின் விடை, எந்தத் துண்டில் செய்தது, எது விலக்கப்பட்டது என்று எழுதினோம். விலை எழுதவில்லை. விலை சொல்வது எங்கள் வேலையும் இல்லை. அயோலைட் நீலக்கல்லைவிட மிகக் குறைந்த விலைக்குப் போகும் கல் என்பதையும், இவர்களுடைய துண்டுகளில் விரிசல் அதிகம் என்பதால் முகம் வெட்டத் தகுந்தவை சிலவே தேறும் என்பதையும் வாயால் சொன்னோம்.

கிணற்றில் இறங்கி இன்னும் தோண்டலாமா என்று தம்பி கேட்டார். கிணறு ஆழப்படுத்துவது ஒன்று, கனிமத்துக்காகத் தோண்டி விற்பது வேறொன்று. பின்னதற்கு 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லி, மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்தை அணுகச் சொன்னோம்.

தரகர் அறிக்கையைப் பார்த்ததும் பேரம் பேசவில்லை, முன்பணம் பற்றியும் பேச்செடுக்கவில்லை. "அப்படீன்னா எனக்குத் தேவைப்படாதுங்க" என்று போய்விட்டதாகத் தம்பி சொன்னார். அவருக்கு முன்பே தெரியுமா, அவரும் நம்பித்தான் வந்தாரா என்பதை எங்களால் சொல்ல முடியாது. அண்ணனுக்கு வருத்தம். தாயார் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப இது நீலமில்லீங்களே?" இல்லை என்றதும் கல் கிணற்று மேட்டிலிருந்து வீட்டுக்குள் வந்தது. தெளிவான துண்டுகளை, ரத்தினக் கல் வெட்டி மெருகேற்றும் ஒருவர் வாங்கினார். தாய்ப்பாறை ஒட்டிய துண்டை அவர்கள் துறைக்கே கொடுத்துவிட்டார்கள்.

இனி மாற்றிச் செய்வது

கல் கொண்டுவருபவர்களிடம் இப்போது முதலில் கேட்பது, கூடவே கிடந்த சாதாரணக் கல்லை எடுத்து வந்தீர்களா என்பதுதான். இந்த நிகழ்வில் தாய்ப்பாறை ஒட்டியிருந்தது தற்செயல். அழகான துண்டுகளை மட்டும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தால் குவார்ட்ஸ் பக்கத்தில் இருந்தது தெரிந்திருக்காது.

அமிலப் புட்டியை வரவேற்பு மேசையிலிருந்து உள்ளே மாற்றிவிட்டோம். புது முறிவுப் பரப்பு காட்டாமல் அமிலமோ கத்தியோ எடுக்கக் கூடாது என்று மாணவர்களுக்கான பதிவுத்தாளில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அந்தத் தாளில் "சோதித்த பரப்பு: ஓடு / சிதைந்தது / புதியது" என்று வட்டமிட வேண்டும். கனிமத்தின் பெயருக்கான கட்டம் கடைசிக்குப் போய்விட்டது.

அமிலப் புட்டி இருந்த இடத்தில் இப்போது இரண்டு போலராய்டு தகடுகளும் ஒரு டார்ச்சும் இருக்கின்றன. நீலமாக, ஊதாவாக எது வந்தாலும் முதலில் அதில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தராசுக்கு அனுப்புகிறோம்.